முதியோரும் நோயாளிகளும் உள்ள வீட்டில் குளியலறையைப் புதுப்பித்தல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், பக்கவாதத்தால் உடலின் ஒரு பக்கம் வலுவிழந்தவர், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்தவர் ஆகியோர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நேரத்தில்தான் பல குடும்பங்கள் குளியலறையைப் பற்றி முதன்முறையாகச் சிந்திக்கின்றன. அவசரமாகக் கொத்தனார் அழைக்கப்படுகிறார். பழைய தளம் பெயர்க்கப்படுகிறது. கடைக்குச் சென்று பளபளப்பான டைல்ஸ் வாங்கி வருகிறார்கள். பணி முடிந்ததும் அறை அழகாகவே இருக்கும். ஆனால் எவருக்காக அந்தச் செலவு செய்யப்பட்டதோ, அவரால் துணையின்றி அதனுள் சென்று வர இயலாது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, தவறி விழுவதால் உலகம் முழுவதும் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் உயிரிழக்கின்றனர். தற்செயலான காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துகளுக்கு அடுத்த இடத்தில் இருப்பது இதுவே. ஈரத்தரை, குறுகிய இடம், வெறுங்கால், இரவு நேர அவசரம் ஆகிய நான்கும் ஒன்றுசேரும் அறை வீட்டில் குளியலறை ஒன்றுதான். முதியவர் ஒருவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தால், அதன் பிறகு படுக்கைப் புண், நுரையீரல் தொற்று, கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைதல் என ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரக்கூடும். மீண்டும் பழையபடி நடமாடாமலே போகிறவர்களும் உண்டு. ஆகவே குளியலறையைப் புதுப்பிக்கும் பணியைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும்.

அளவு நாடா முதலில் நோயாளியிடம் செல்ல வேண்டும்

மிகப் பரவலான தவறு, அறையை அளந்துவிட்டு நோயாளியை அளக்காமல் விடுவது. வேலையைத் தொடங்குவதற்கு முன் இரண்டு, மூன்று நாட்கள் அவரைக் கவனித்துப் பாருங்கள். இரவில் எத்தனை முறை எழுகிறார்? எந்தக் கையை நீட்டி எதைப் பிடிக்கிறார்? எந்த இடத்தில் தயங்கி நிற்கிறார்? பழைய குளியலறைச் சுவரில் கைபட்டு அழுக்கேறிய இடங்கள் பெரும்பாலும் தெளிவாகத் தெரியும். கைப்பிடிக் கம்பி எங்கே தேவை என்பதற்கு அதைவிட நம்பகமான வரைபடம் இல்லை. அந்த இடங்களைச் சுண்ணாம்பு அடித்து மறைப்பதற்கு முன் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளவும்.

அவர் நாற்காலியில் வசதியாக அமர்ந்திருக்கும்போது, முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை உள்ள உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளவும். இது பின்னர் தேவைப்படும். சக்கர நாற்காலியோ வாக்கரோ பயன்படுத்துபவராயின் அதன் அகலத்தையும், தள்ளுபவரின் கை அதற்கு வெளியே எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வலி தணிப்புச் சிகிச்சையும் இல்லத்திற்கே வந்து அளிக்கப்படுகின்றன. அவ்வாறு வரும் இயன்முறை மருத்துவரிடம், வேலை தொடங்குவதற்கு முன்பாகவே குளியலறையைக் காட்டி ஆலோசனை பெறலாம். டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு கேட்பதால் பயன் குறைவு.

கதவும் நிலைப்படியும்

நம் வீடுகளில் குளியலறைக் கதவு பெரும்பாலும் உட்புறமாகத் திறக்கும்படி அமைந்துள்ளது. இதில் ஓர் அபாயம் இருக்கிறது. உள்ளே மயங்கி விழுந்தவரின் உடலே கதவுக்கு முட்டுக்கட்டையாகிவிடும். வெளியிலிருப்போர் தள்ளத் தள்ள, அவருக்கு மேலும் காயம் ஏற்படும். கதவை உடைத்துத் திறப்பதற்குள் விலைமதிப்பற்ற நேரம் வீணாகிவிடும். புதுப்பிக்கும்போது கதவை வெளிப்புறமாகத் திறக்கும்படி மாற்றுவதற்கு ஆகும் கூடுதல் செலவு மிகக் குறைவு. வெளியே இடமில்லையெனில் பக்கவாட்டில் நகரும் கதவோ மடிப்புக் கதவோ பொருத்தலாம். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நாணயத்தைத் திருகுகுழியில் வைத்துத் திறக்கும் வகைப் பூட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. மறதி நோய் உள்ளவர் வீட்டில் இருந்தால் உள்தாழ்ப்பாளையே நீக்கிவிடுவது நல்லது.

கதவின் அகலம் அடுத்த சிக்கல். சக்கர நாற்காலிகள் பொதுவாக 60 முதல் 70 செ.மீ. அகலம் கொண்டவை. இரண்டரை அடி நிலையில் கதவின் தடிமனும் கீலும் போக எஞ்சும் வழி ஏறக்குறைய அதே அளவுதான். நாற்காலி மயிரிழையில் நுழையும். ஆனால் சக்கரத்தைத் தள்ளும் விரல்கள் நிலையில் உரசும். இயன்றால் 90 செ.மீ. வழி கிடைக்கும்படி நிலையை மாற்றவும். உள்ளே நாற்காலியைத் திருப்புவதற்குச் சுமார் 150 செ.மீ. விட்டமுள்ள வட்டம் தேவை. நம் நடுத்தரக் குடும்பங்களின் குளியலறைகளில் அந்த இடம் இருப்பது அரிது. அதற்காக வருந்த வேண்டியதில்லை. நேராக உள்ளே தள்ளிச் சென்று, கழிப்பறைப் பீங்கானின் மேலேயே நிறுத்தக்கூடிய சக்கரக் கமோடு நாற்காலி அத்தகைய சிறிய அறைகளுக்குப் போதும். பீங்கானை வாங்கும்போது அந்த நாற்காலி அதன்மேல் தடையின்றிச் செல்லும் உயரத்தில் உள்ளதா என்பதை மட்டும் பார்க்கவும்.

நீர் வெளியே வராமலிருக்கக் கொத்தனார்கள் குளியலறை வாசலில் நான்கைந்து அங்குல உயரத்தில் படிக்கட்டை எழுப்புவது வழக்கம். நலமுள்ளவர் அதைக் கவனிப்பதே இல்லை. வாக்கர் பிடித்து நடப்பவருக்கு அது கடக்க இயலாத மதில். பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதம் உள்ளவர்களுக்கோ, வாசலை நெருங்கும்போது பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும்; உடல் மட்டும் முன்னால் சாயும். அந்த நொடியில் ஒரு படியும் எதிரே இருந்தால் விழுவது ஏறக்குறைய நிச்சயம். படிக்கட்டுக்குப் பதிலாகத் தளத்தின் வாட்டத்தைச் சரியாக அமைத்து, வாசலையொட்டி நீளமான வடிகால் ஒன்றை வைத்தால் நீர் வெளியே வராது. வாட்டம் மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. இருந்தால் போதுமானது. அதற்குமேல் சரிந்தால் நாற்காலியும் வாக்கரும் நிலைகொள்ளா. மிகக் குறைந்தால் நீர் தேங்கிப் பாசி பிடிக்கும், கொசுவும் சேரும்.

வாசலில் போடும் தளர்வான மிதியடியையும் இத்தருணத்தில் நீக்கிவிடுங்கள். தேவையெனில், அடியில் பிடிமானமுள்ள ரப்பர் மிதியடியைப் பயன்படுத்தலாம்.

தளம்: கடையில் அல்ல, ஈரத்தில் சோதியுங்கள்

காய்ந்த நிலையில் எந்த டைல்ஸும் வழுக்காது. கடையில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, வீட்டில் சோப்பு நீரைத் தெளித்து, வெறுங்காலாலும் வழக்கமாக அணியும் செருப்பாலும் தேய்த்துப் பாருங்கள். பளபளப்பு இல்லாத, சற்றுச் சொரசொரப்பான வகைகளே குளியலறைத் தளத்திற்கு ஏற்றவை. பெரிய டைல்ஸைவிடச் சிறிய டைல்ஸ் நல்லது. இணைப்புக் கோடுகள் மிகுதியாக இருப்பதால் பாதத்திற்குப் பிடிமானம் கிடைக்கும், வாட்டமும் எளிதில் அமையும். மிகவும் கரடுமுரடான தளத்தை வாங்குவதும் தவறே. அதன் பள்ளங்களில் சோப்பு படிந்து, சில மாதங்களில் அதுவே வழுக்கத் தொடங்கும். மேலும் நீரிழிவால் பாத உணர்வு இழந்தவர்களுக்கு அது தெரியாமலே தோலைச் சிராய்த்துப் புண்ணாக்கும்.

எண்ணெய்க் குளியல் வழக்கமுள்ள வீடுகளில் இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். நல்லெண்ணெய் படிந்த ஈரத்தரைக்கு முன் எந்தச் சொரசொரப்பும் நிற்காது. முதியவர்களுக்கு எண்ணெய் தேய்ப்பதைக் குளியலறைக்கு வெளியே, நாற்காலியில் அமர வைத்துச் செய்யவும். பாதத்தை மட்டும் துடைத்துவிட்டு உள்ளே அழைத்துச் செல்லவும். ஒருவர் எண்ணெய்க் குளியல் முடித்து வந்ததும் தளத்தைச் சீயக்காயோ சோப்புத் தூளோ இட்டுத் தேய்த்துக் கழுவிய பின்னரே அடுத்தவர் செல்ல வேண்டும்.

தளத்தின் நிறமும் மருத்துவம் சார்ந்த விஷயமே. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தளம், வெள்ளைப் பீங்கான் என அனைத்தும் ஒரே நிறத்தில் இருப்பது தற்போது விரும்பப்படுகிறது. கண்புரை, கண்நீர் அழுத்த நோய், மறதி நோய் ஆகியவை உள்ளவர்களுக்கு அந்த அறையில் தளம் எங்கே முடிகிறது, இருக்கை எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. இருக்கை இல்லாத இடத்தில் அமர முயன்று விழுவார்கள். இருக்கையின் நிறமோ தளத்தின் நிறமோ மற்றவற்றிலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும். நீலம், கரும்பச்சை, செங்கல் நிறம் எதுவாயினும் சரி.

கைப்பிடிக் கம்பி

துண்டு போடும் கம்பியைக் கைப்பிடிக் கம்பியாகக் கருதுவதே குளியலறையில் நிகழும் மிக ஆபத்தான தவறு. துண்டுக் கம்பி ஒரு துண்டின் எடையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. தடுமாறும் மனிதர் அதைப் பிடித்தால் திருகாணியோடு கையில் வந்துவிடும். பிடிமானம் கிடைத்துவிட்டது என்று நம்பி உடலைச் சாய்த்த பின்னர் அது பெயர்வதால், கம்பியே இல்லாதபோது விழுவதைவிட மோசமாக விழுவார். உறிஞ்சு ரப்பரால் சுவரில் ஒட்டும் கைப்பிடிகளையும் நம்ப வேண்டாம். ஈரத்தில் அவை எப்போது கழலும் என்று சொல்ல இயலாது.

கம்பியின் தடிமன் மூன்றரை முதல் நான்கு செ.மீ. வரை இருந்தால் உள்ளங்கை முழுமையாகச் சுற்றிப் பிடிக்கும். சுவருக்கும் கம்பிக்கும் இடையே நான்கு முதல் ஐந்து செ.மீ. இடைவெளி விடவும். இடைவெளி மிகுந்தால் முன்கை உள்ளே நழுவிச் சிக்கிக்கொள்ளும். விழும்போது அந்தக் கையும் முறியக்கூடும். கம்பியின் மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாக இருத்தல் கூடாது.

இங்குச் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலரை அங்குலச் சுவரிலும், ஹாலோ பிளாக் சுவரிலும் சாதாரணத் திருகாணி நிற்பதில்லை. பூச்சை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே, கம்பி வரும் இடங்களைக் குறித்து, அங்குச் சுவரைக் கான்கிரீட்டால் கெட்டிப்படுத்தச் சொல்லவும். அல்லது சுவரின் மறுபக்கம் வரை செல்லும் போல்டு இட்டு, பின்புறம் தகடு வைத்து முடுக்கச் சொல்லவும். குழாய்களும் மின்கம்பிகளும் செல்லும் தடத்தை டைல்ஸ் மூடுவதற்கு முன் படம் எடுத்து வைத்தால், பின்னர் துளையிடும்போது குழாய் உடையாது. கம்பி பொருத்தி முடிந்ததும், உங்கள் வீட்டில் எடை மிகுந்தவரோ பொருத்தியவரோ அதைப் பிடித்து முழு எடையுடன் இழுத்துப் பார்த்த பின்னரே நோயாளியைத் தொட அனுமதிக்கவும்.

எந்தப் பக்கம் பொருத்துவது? பெரும்பாலும் எந்தச் சுவர் காலியாக உள்ளதோ அங்குப் பொருத்திவிடுகிறார்கள். பக்கவாத நோயாளிக்கு வலுவுள்ள கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தில்தான் கம்பி வேண்டும். இடக்கை செயலிழந்தவருக்கு, இருக்கையில் அமர்ந்த நிலையில் வலப்புறம் கம்பி இருக்க வேண்டும். ஆனால் நடைவழியில் இது மாறிவிடும்: உள்ளே நுழையும்போது வலப்புறம் இருக்கும் கம்பி, திரும்பி வெளியே வரும்போது இடப்புறமாகிவிடும். எனவே வாசலிலும் நடைவழியிலும் இரு பக்கமும் கம்பி தேவை. இருக்கைக்கு அருகில் கிடைமட்டமாக, இருக்கையின் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 20 முதல் 25 செ.மீ. உயரத்தில் ஒன்றும், எழுந்து நிற்பதற்கு உதவியாக எதிரில் சற்று முன்தள்ளிச் செங்குத்தாக ஒன்றும் இருப்பது வசதி. அவரையே ஒருமுறை அமர்ந்து எழச் செய்து, கை இயல்பாகச் செல்லும் இடத்தைக் குறித்துக்கொண்டால் இந்த எண்களைவிடச் சிறப்பான அளவு கிடைக்கும்.

இருக்கையும் குளிக்கும் இடமும்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் குத்துக்காலிட்டு அமரக் கூடாது. முழங்கால் தேய்மானம் முற்றியவர்களாலும் அது இயலாது. எனவே கால் மடக்கும் வகைக் கழிப்பறையை மேற்கத்திய வகையாக மாற்றுவது நியாயமானதே. தவறு நிகழ்வது அதன் உயரத்தில். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பீங்கான்களின் உயரம் சுமார் 40 செ.மீ. உயரமான, மூட்டு வலியுள்ள ஒருவர் அதிலிருந்து எழுவதற்குச் சிரமப்படுவார். அவருக்கு 45 முதல் 48 செ.மீ. உயரம் வசதியாக இருக்கும். அதே இருக்கையை உயரம் குறைந்த பாட்டிக்கு வைத்தால் பாதம் தரையில் பதியாமல் தொங்கும்; தொடை மரத்துப்போய், எழும்போது கால் தடுமாறும். முன்னர் அளந்து வைத்த முழங்கால் மடிப்பு உயரம் இங்குத்தான் பயன்படுகிறது. இருக்கை அந்த அளவுக்குச் சமமாகவோ இரண்டு, மூன்று செ.மீ. கூடுதலாகவோ இருந்தால் போதும். இடுப்பு அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு இன்னும் எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை அறுவை சிகிச்சை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும். குடும்பத்தில் பலர் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாயின், சாதாரணப் பீங்கானின் மேல் கழற்றி மாட்டும் உயர்த்தும் இருக்கையே சிக்கனமான வழி. வாங்கும்போது அது பீங்கானை இறுகப் பற்றும் பிடிகள் கொண்டதா என்று பார்க்கவும்.

கழுவும் குழாய் எந்தப் பக்கம் என்பதையும் பிளம்பரிடம் சொல்லுங்கள். அவர் வழக்கமாக வலப்புறம்தான் வைப்பார். வலக்கை செயலிழந்தவருக்கு அது எட்டாது.

குளியலுக்கு வருவோம். நம் வழக்கம் வாளியும் குவளையும். தரையில் உள்ள வாளியிலிருந்து நீரை மொள்ள ஒவ்வொரு முறையும் குனிந்து நிமிர்வது, இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்ளும் முதியவருக்குத் தலைச்சுற்றலை வரவழைக்கும். குழாயின் கீழே 40 முதல் 45 செ.மீ. உயரத்தில், முனைகள் மழுங்கிய ஒரு சிறு திண்டு கட்டி, வாளியை அதன்மேல் வைத்தால் குனியும் தேவையே இராது. அருகில் முதுகு சாய்வும் ரப்பர் பாதங்களும் கொண்ட குளியல் நாற்காலி ஒன்றை வைக்கவும். லேசான பிளாஸ்டிக் முக்காலி இதற்கு ஈடாகாது. சோப்பு நீரில் அதன் கால்கள் விரிந்து நழுவும். கைப்பூத்தூறலைப் பொருத்துபவர்கள், அமர்ந்த நிலையில் எட்டும் உயரத்தில் அதைத் தொங்கவிடவும். சோப்பு, துண்டு, மாற்றுடை அனைத்தும் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கட்டும்.

வெளிச்சமும் அழைப்பு மணியும் செலவில் சிறியவை, பயனில் பெரியவை. படுக்கையிலிருந்து கழிப்பறை வரையிலான வழி முழுவதும் மங்கிய இரவு விளக்கு எரியட்டும். குளியலறை விளக்கின் சுவிட்ச் வெளியே, கதவைத் திறப்பதற்கு முன் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். அழைப்பு மணியைச் சுவிட்ச் உயரத்தில் மட்டும் வைத்தால், தரையில் விழுந்து கிடப்பவருக்கு அது எட்டாது. தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை தொங்கும் கயிற்றுடன் கூடிய மணியே வேண்டும்.

வெந்நீர், மின்சாரம், எரிவாயு

60 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீர் சில நொடிகளில் ஆழமான தீப்புண்ணை உண்டாக்கும். நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கும், பக்கவாதத்தால் உணர்ச்சி குன்றியவர்களுக்கும் சுடுவது உரிய நேரத்தில் தெரியாது. தோல் உரிந்த பிறகே கண்ணில் படும். வெந்நீரும் தண்ணீரும் கலந்து ஒரே குழாயில் வரும்படியும், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு அதில் இருக்கும்படியும் பொருத்தவும். வாளியில் கலப்பவர்கள் முதலில் தண்ணீரைப் பிடித்து, பிறகு வெந்நீரைச் சேர்க்கவும். நீரின் சூட்டைப் பராமரிப்பவர் தம் முழங்கையால் பார்த்துச் சொல்லட்டும்.

மின் கீசர் உள்ள இணைப்பில் 30 மில்லியாம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் கட்டாயம் இருக்க வேண்டும். எலெக்ட்ரீஷியன்கள் இதை ஆர்.சி.சி.பி. என்பார்கள். சாதாரண ஃபியூஸும் எம்.சி.பி.யும் மின்கம்பியைக் காக்கும், மனிதரைக் காக்கா. துண்டிப்பானில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவும். வாளிக்குள் இடும் மின்சூடேற்றிக் கம்பியை முதியவர்களும் மறதி நோய் உள்ளவர்களும் கையாளும் நிலையில் வைக்கவே கூடாது.

எரிவாயு கீசரைக் குளியலறைக்குள் பொருத்துவதை எக்காரணத்தாலும் ஏற்க வேண்டாம். காற்றோட்டமில்லாத சிறிய அறையில் அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு நிறமும் மணமும் கிடையாது. தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் எனத் தொடங்கி, எழுந்து கதவைத் திறக்கும் முன்பே மயக்கம் வந்துவிடும், உயிரும் போகலாம். எரிவாயு கீசர்தான் வேண்டுமெனில் அதைத் திறந்தவெளியில் பொருத்தி, வெந்நீரைக் குழாய் மூலம் உள்ளே கொண்டு வரவும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருப்பதால் பாதுகாப்பு என்று கருதி உள்ளே பொருத்துவது சரியல்ல.

வேலை நடக்கும் நாட்கள்

புதுப்பித்தல் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தப் பகுதி. தளம் பெயர்த்து, நீர்க்கசிவுத் தடுப்பு செய்து, ஒரு நாளேனும் நீர் தேக்கி வைத்துக் கசிவு பார்த்து, டைல்ஸ் ஒட்டி உலர விடுவதற்குள் ஒன்று முதல் மூன்று வாரங்கள் ஆகிவிடும். வீட்டில் ஒரே கழிப்பறை இருந்தால் அதுவரை நோயாளி எங்கே செல்வார்? ‘பக்கத்து வீட்டில் போய்க்கொள்ளலாம்’ என்பது வழக்கமான பதில்.

பிறர் வீட்டிற்குச் செல்லக் கூச்சப்பட்டும், குடும்பத்தினரைத் தொந்தரவு செய்யத் தயங்கியும், முதியவர்கள் நீர் அருந்துவதையே குறைத்துவிடுகிறார்கள். குறிப்பாகப் பெண்கள் இதை வெளியில் சொல்வதில்லை. இதய நோய்க்குச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை உட்கொள்பவர்கள் அந்த மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். விளைவு: சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீரிழப்பால் மனக்குழப்பம், இதய நோயாளிக்கு மூச்சுத்திணறல். ஆகவே, பழைய தளத்தில் முதல் அடி விழுவதற்கு முன்பே படுக்கையறையில் கமோடு நாற்காலி ஒன்றும், தேவையெனில் சிறுநீர்க் கலமும், மறைப்புத் திரையும் தயாராக இருக்க வேண்டும். மாத்திரைகள் வழக்கம்போல் தொடர்கின்றனவா, நாள் ஒன்றுக்கு எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறார் என்பதைப் பராமரிப்பவர் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.

டைல்ஸ் அறுக்கும்போது எழும் தூசியில் சிலிக்கா கலந்திருக்கும். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களை இயன்றால் அந்த நாட்களில் உறவினர் வீட்டில் தங்க வைக்கவும். அறுக்கும் பணியை வெளியே, நீர் விட்டு ஈரமாக்கிச் செய்யச் சொல்லவும். பணியாளரின் நுரையீரலுக்கும் அது நல்லது. பழைய கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அதை உடைத்து நொறுக்காமல், நனைத்து முழுத்தகடாகக் கழற்ற வேண்டும்.

பணி முடிந்ததும் சிமென்ட் கறையைப் போக்க ஆசிட் ஊற்றுவார்கள். அதே நாளில் வீட்டார் கிருமி நீக்கத்திற்கெனப் பிளீச்சிங் பவுடரையும் தூவுவார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். மூடிய அறையில் அது கண்ணையும் தொண்டையையும் எரித்து, நுரையீரலில் நீர் கோக்கும் அளவுக்குக் கொண்டுபோய்விடும். ஆசிட் பயன்படுத்தினால் நீர் விட்டு நன்கு கழுவி, கதவு சன்னலைத் திறந்துவைத்து, அன்று வேறெந்த இரசாயனமும் சேர்க்காமல் விடுங்கள்.

கழிவுநீர்த் தொட்டியை இத்தருணத்தில் சுத்தம் செய்துவிடலாம் என்று எண்ணுவோர் பலர். இயந்திர ஊர்தியை மட்டுமே அழைக்கவும். எந்தச் சூழ்நிலையிலும் மனிதரைத் தொட்டிக்குள் இறக்கக் கூடாது. உள்ளிருக்கும் வாயு ஒரே மூச்சில் உணர்விழக்கச் செய்யும். காப்பாற்ற இறங்குபவரும் அதற்குப் பலியாவார். பாதுகாப்பு ஏற்பாடுகளின்றி அவ்வாறு ஈடுபடுத்துவது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றமாகும்.

வாடகை வீட்டில் இருப்போர்

தளத்தைப் பெயர்க்க உரிமையோ பணமோ இல்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. இரவு விளக்கு, ரப்பர் பாதங்கள் கொண்ட குளியல் நாற்காலி, கமோடு நாற்காலி, வெளியிலிருந்து திறக்கும் தாழ்ப்பாள் ஆகியவற்றிற்குச் சுவரை உடைக்கத் தேவையில்லை. உரிமையாளரிடம் அனுமதி பெற்று உறுதியான கம்பி ஒன்றையேனும் பொருத்திவிட்டால், மிக அவசியமானது கிடைத்துவிடும். கதவு உட்புறமாகத் திறப்பதாக இருந்தால், முதியவர் உள்ளே இருக்கும்வரை தாழிடாமல், வெளியே ஒருவர் குரல் கேட்கும் தொலைவில் இருக்கட்டும்.

குளியலறை எவ்வளவு சீராக இருந்தாலும் மருந்தினால் வரும் தலைச்சுற்றலை அது தடுக்காது. இரத்த அழுத்தம், புரோஸ்டேட் வீக்கம், தூக்கமின்மை ஆகியவற்றிற்கான மாத்திரைகள் சிலருக்கு எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தையோ நிதானத்தையோ குறைக்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இரவில் எழும்போது படுக்கை விளிம்பில் ஓரிரு நிமிடங்கள் அமர்ந்துவிட்டு நடக்கவும்; ஆண்கள் இரவில் அமர்ந்தே சிறுநீர் கழிப்பது பாதுகாப்பானது.

விழுந்துவிட்டால்

உடனே தூக்கி நிறுத்த முயல வேண்டாம். அவரிடம் பேசுங்கள், எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்புறமாகத் திரும்பிக் கிடந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கக்கூடும். எண்ணெய் தேய்த்து உருவுவதும், இழுத்துக் கட்டுவதும், நடக்க வைத்துப் பார்ப்பதும் முறிவை மேலும் விலகச் செய்யும். படுத்த நிலையிலேயே ஈரத்தைத் துடைத்து, போர்வையால் மூடி, 108 எண்ணை அழைக்கவும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால், அதுவரை உணவும் பானமும் தர வேண்டாம். எலும்பு முறிந்திருப்பின் அறுவை சிகிச்சை இரண்டு நாட்களுக்குள் நடைபெறுவதே நல்லது. ‘பார்க்கலாம்’ என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

தலையில் அடிபட்டிருந்து, அவர் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவராயின், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும். மண்டையோட்டுக்குள் மெதுவாகக் கசியும் இரத்தம் சில நாட்கள், சில வேளைகளில் சில வாரங்கள் கழித்தும் தலைவலி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம் எனத் தெரியவரும். அத்தகைய அறிகுறி எதைக் கண்டாலும், முன்பு குளியலறையில் விழுந்ததை மருத்துவரிடம் மறவாமல் தெரிவிக்கவும். ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை எந்நேரமும் தொடர்பு கொள்ளலாம்.